இரண்டாம் நம்பர் காந்தம்

வில்மா ஹூக்ஸ்ட்ரா கம்பி சுற்றுவாள். அவள் கணவன் கெரிட் கேட்பான். வீட்டின் கீழ்த்தளத்தில் நடக்கும் அந்தச் சின்னத் தொழிலில் வேலைப் பிரிவினை அவ்வளவுதான். அறுபதைத் தாண்டிய மனிதனை அவன் இவன் என்கிறேனே என்று யாரும் கோபிக்க வேண்டாம். கித்தார் தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில் அவள் காபியைத் தட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றானே, அன்றைக்கு அவனுக்கு வயது பத்தொன்பது. அன்றிலிருந்து வில்மாவுக்கு அவன் அவன்தான்.

எலக்ட்ரிக் கித்தாரின் கம்பிகளுக்கு அடியில் உலோக மூடி போட்டு ஒரு பெட்டி இருக்குமே, அதற்குப் பெயர் பிக்கப். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அதுதான். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய செம்புக்கம்பியில் இரண்டு சுருள்கள், அவற்றுக்கடியில் விரல் நீளத்துக்கு ஒரு காந்தம். காந்தத்தில் பல வகை உண்டு. நம்பர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இரண்டாம் நம்பர் சாது. சத்தம் இதமாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு வரும். ஐந்தாம் நம்பர் முரடு. பளிச்சென்று கேட்கும், அளவு மீறினால் காதைக் குத்தும். பார்வைக்கு எல்லாமே ஒரே சாம்பல் நிறத் துண்டு; இரும்பைக் காட்டினால்தான் முரடு பலமாக இழுக்கும், சாது மெல்ல இழுக்கும். ஐம்பதுகளில் அமெரிக்காவின் இதே கலமசூ ஊரில் செய்த கித்தார்களில் அன்றன்றைக்குக் கைக்கு எது வந்ததோ அந்தக் காந்தம் போனது. அதனால்தான் அந்தக் காலத்துக் கித்தார் இரண்டு ஒரே குரலில் பேசாது. இன்றைக்கு அந்தக் குரல்தான் வேண்டும் என்று தவம் கிடக்கிறவர்களுக்கு ஹூக்ஸ்ட்ரா தம்பதி பழைய பாணியில் பிக்கப் செய்து அனுப்புகிறார்கள்.

செய்கிற முறை இப்படி. வில்மா சுருளைச் சுற்றி முடித்ததும் ஏதோ ஒரு காந்தத்தைச் செருகிக் கொடுப்பாள். எது என்று சொல்லமாட்டாள். கெரிட் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மடியில் முதுகுப்பக்கம் ஓட்டை போட்ட ஒரு பழைய கித்தார். பிக்கப்பை அந்த ஓட்டை வழியாகப் பொருத்தி, நாலு சுரம் வாசித்துவிட்டு, "இது ரெண்டு. இந்தச் சுருளுக்கு ரெண்டு ஆகாது, அஞ்சு போடு" என்பான். சில சமயம், "இதோட இருக்கட்டும், கை வைக்காத" என்பான். அவன் சொன்ன நம்பரைப் போட்டு, மூடியைப் பற்றவைத்து, வில்மா பெட்டியில் அடைப்பாள். வியாழக்கிழமை தபாலுக்குப் போகும். அவன் நம்பர் தப்பாகச் சொல்லி அவள் பார்த்ததே இல்லை.

பெரிய தொழிற்சாலை தெற்கே இடம் மாறிப் போனபோது கெரிட்டுக்கு வேலை போயிற்று. அந்தக் குளிர்காலமும் அடுத்த குளிர்காலமும் அவன் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. டிவி ஓடும், அவன் அதைப் பார்க்கமாட்டான். தாடி வளர்ந்தது. பேச்சு நின்றது. சூப் கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் குடிப்பான், கொடுக்காவிட்டால் கேட்கமாட்டான். வில்மா ஒரு கம்பி சுற்றும் இயந்திரத்தை எங்கோ பிடித்து வாங்கிவந்து கீழ்த்தளத்தில் போட்டு, "எனக்குச் சுத்தத் தெரியும், கேக்கத் தெரியாது. நீ வராட்டி இது இரும்புக்கடைக்குத்தான் போகும்" என்று சொன்ன பிறகுதான் அவன் படியிறங்கினான். அன்றைக்கு இறங்கியவனை மறுபடி அந்த சோபாவுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

கிறிஸ்துமஸ் கழிந்து கொஞ்ச நாளில் தொலைபேசி அழைப்புகள் வர ஆரம்பித்தன. சிகாகோவில் ஒருவர், நாஷ்வில்லில் ஒருவர். எல்லாரும் மரியாதைக்காரர்கள், சுற்றி வளைத்துத்தான் சொன்னார்கள். "போன வருஷம் வாங்கினது தேன் மாதிரி இருந்துச்சும்மா. இது காதுல ஊசி குத்தற மாதிரி இருக்கு." பெட்டிகள் திரும்பி வந்தன. வில்மா பிரித்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ஐந்தாம் நம்பர். கெரிட் கேட்டு வாங்கிப் போட்ட ஐந்தாம் நம்பர்.

அவளுக்கு உண்மை தெரிந்தது ஒரு காலை நேரத்தில். மேலே சமையலறையில் கெரிட் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கைக்குப் பக்கத்தில் அடுப்பின் மேல் கெட்டில் விசில் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. குளியலறையிலிருந்து வில்மா ஓடிவந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்து, "என்ன அவசரம்?" என்றான். ஆவி அவன் கண்ணாடியில் படிந்திருந்தது.

அன்றைக்குக் கீழே போய் ஒரு பிக்கப்பில் ஐந்தாம் நம்பரைப் போட்டு நீட்டினாள். கெரிட் வாசித்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"ரெண்டு போட்டிருக்க. மந்தமா இருக்கு, வில். அஞ்சு போடு."

வில்மா அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு தன் மேசைக்கு வந்தாள். அவன் முதுகைப் பார்த்தபடி சும்மா நின்றாள். ஸ்க்ரூட்ரைவரை எடுத்துச் சத்தம் வருகிற மாதிரி மேசையில் வைத்தாள். பிறகு அதே பிக்கப்பை, எதையும் மாற்றாமல், அப்படியே அவன் கையில் கொடுத்தாள்.

கெரிட் மறுபடி வாசித்தான். தலையை ஆட்டினான். "ஆங். இப்பப் பாரு, எப்படி வருது."

"ஆமா, நல்லா வருது" என்றாள்.

சொல்லியிருக்கலாம். காது டாக்டர்கள் ஊரில் இல்லாமலா போனார்கள்? ஆனால் கெரிட்டிடம் இருந்து தொழிற்சாலையை எடுத்தாயிற்று, இப்போது காதையும் எடுத்தால் என்ன மிச்சம் இருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த சோபா இன்னும் மேலே அதே இடத்தில்தான் கிடந்தது. ஆகவே அவள் வேறு வழி செய்தாள். கெரிட் ஐந்து என்று சொன்னால் சரி சரி என்று தலையாட்டுவாள். அவன் மதியத் தூக்கத்துக்கு மேலே போனதும், அவளே கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு, தெரிந்தமட்டும் தட்டிப் பார்ப்பாள். காதைக் குத்தினால் ஐந்தை உருவிவிட்டு இரண்டைச் செருகி, மூடியைப் பற்றவைத்துவிடுவாள். கேட்கத் தெரியாது என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள்தான். முப்பது வருஷம் ஒரு மனிதன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் எதற்கு முகம் சுளிக்கிறான், எதற்குக் கண்ணை மூடுகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தால் கேட்கத் தானாக வந்துவிடுகிறது.

அழைப்புகளின் தொனி மாறியது. நாஷ்வில்காரர் பாராட்டிப் பேசினார். வில்மா அதை அப்படியே கெரிட்டிடம் சொன்னாள்: "உன் காதுக்குக் கோயில் கட்டணுமாம்." கெரிட் வெட்கப்பட்டான். அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது கிண்ணம் பட்டாணி சூப் கேட்டுக் குடித்தான். மனசாட்சி கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அவன் விசிலடித்துக்கொண்டே படியிறங்குவதைக் கேட்டதும் அவள் அதை ஓரமாக ஒதுக்கிவைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இருவரும் படைவீரர் சங்கக் கூடத்துக்கு மீன் சாப்பிடப் போனார்கள். அங்கே கெரிட்டின் நண்பன் ஆர்லோ கித்தார் வாசித்தான். அவன் கித்தாரில் இருந்தது ஹூக்ஸ்ட்ரா பிக்கப். வில்மா தட்டோடு வரிசையில் நின்றபோது, மேடையோரமாக கெரிட் ஆர்லோவின் கித்தார் மேல் குனிந்து எதையோ பார்ப்பது தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்தவன் மீனைத் தொடவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒரு கையால் வண்டி ஓட்டினான். இன்னொரு கை அவள் கையைப் பிடித்திருந்தது.

"என்ன இன்னைக்கு புதுசா?" என்றாள்.

"ஏன், பிடிக்கக் கூடாதா?"

அதற்குப் பிறகு அவன் ஆள் மாறிவிட்டான். பாத்திரம் கழுவினான். அவள் மாத்திரை போட்டாளா என்று கேட்டான். "போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பாஸ்டர் என்ன பேசினாரு?" என்று கேட்டுவிட்டு, அவள் சொன்ன பதிலை ஒரு வாத்தியார் மாதிரி கவனமாகக் கேட்டான். காந்தங்கள் வைத்திருந்த இரண்டு டப்பாக்களிலும் சிவப்புப் பெயின்டில் பெரிது பெரிதாக 2, 5 என்று எழுதிவைத்தான். கிராண்ட் ராபிட்ஸில் இருக்கும் மகள் கோரா, மாதம் ஒருமுறை பேசுகிறவள், வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டு, "என்னம்மா பண்ற? இன்னைக்கு என்ன கிழமை, புதனா வியாழனா, எனக்கே மறந்துபோச்சு" என்று வழிந்தாள். வயதான காலத்தில் எல்லாருக்கும் நம் மேல் பாசம் பொங்குகிறதே என்று வில்மா நினைத்துக்கொண்டாள்.

பிறகு பெட்டிகள் மறுபடி திரும்பி வந்தன. மறுபடி அதே புகார், காதில் ஊசி.

வில்மா ஒன்றைத் திறந்தாள். இரும்புத் துண்டைக் காட்டியதும் அது வெடுக்கென்று இழுத்து ஒட்டிக்கொண்டது. ஐந்தாம் நம்பர். இதில் அவள் இரண்டு போட்டிருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது, மூடியின் ஓரத்தில் ஈயம் கொஞ்சம் வழிந்து அவளே சுரண்டியது. போட்டேனா? போட்டதாக நினைத்துக்கொண்டேனா? இன்னொன்றைத் திறந்தாள். அதிலும் ஐந்து.

அவள் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் சர்க்கரை டப்பாவில் உப்பு. அப்புறம் அடுப்பை அணைக்காமல் விட்டது. கடைசி வருஷங்களில் முதியோர் இல்லத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, வில்மாவைத் தன் தங்கை என்று நினைத்து, "அந்த ஹூக்ஸ்ட்ரா பையனை நம்ம வில்மா கட்டிக்கக் கூடாது, சொல்லிவை" என்று அவளிடமே ரகசியம் சொல்வாள். அப்போது கெரிட்டும் பக்கத்தில் நிற்பான், சிரித்துக்கொண்டே அந்தக் கிழவிக்குப் பெப்பர்மிண்ட் பிரித்துக் கொடுப்பான்.

வில்மா யாரிடமும் சொல்லவில்லை. கார் கிளப்பும் முன் இறங்கிப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தாள். சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வரிகள் வருகின்றனவா என்று சோதித்தாள். வந்தன, அது ஒன்றும் ஆறுதலாக இல்லை, அம்மாவுக்கும் பாட்டெல்லாம் கடைசிவரை வந்தது. கெரிட் தூங்கும்போது அவன் முகத்தைப் பார்த்து, இந்த முகம் ஒருநாள் யாரோ மாதிரி ஆகிவிடுமா என்று பயந்தாள். அவனுக்குக் காது போகட்டும், எனக்கு ஞாபகம் போகட்டும், இரண்டும் சேர்ந்து போனால் இந்த வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்வது?

புதன்கிழமை காலையில் சர்ச்சுப் பெண்கள் கூடி நோயாளி வீடுகளுக்குச் சமைப்பது வழக்கம். அந்தப் புதன் வில்மா பாதி தூரம் போய்விட்டாள். சட்டென்று, அடுப்பை அணைத்தோமா என்று வந்துவிட்டது. அணைத்தது போலவும் இருந்தது, நேற்று அணைத்ததை நினைக்கிறோமோ என்றும் இருந்தது. பனிச்சேற்றில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

அடுப்பு அணைந்துதான் இருந்தது. அவள் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, சில்லென்று இருப்பதை உறுதி செய்துகொண்டு, அழத் தயாராக நின்றாள். அப்போதுதான் கீழேயிருந்து ஈயம் உருகும் வாசனை வந்தது.

இறங்கிப் போனாள். படி கிறீச்சிட்டதை கெரிட் கேட்கவில்லை. நாளை தபாலுக்குப் போக அவள் ஒட்டி வைத்திருந்த பெட்டிகள் எல்லாம் மேசையில் திறந்து கிடந்தன. அவன் ஒரு பிக்கப்பின் மூடியைக் கழற்றி, காந்தத்தை உருவி, 2 என்று எழுதிய டப்பாவில் போட்டான். 5 என்று எழுதிய டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் செருகப் போனான்.

"கெரிட்."

இரண்டாவது முறை அவள் உரக்கக் கூப்பிட்ட பிறகுதான் திரும்பினான். கையில் இருந்த காந்தம் நழுவி ஸ்க்ரூட்ரைவரில் போய் ஒட்டிக்கொண்டது. திருடனைப் போல முழித்தான்.

"நீ சமைக்கப் போகல?"

"என்ன பண்ற?"

அவன் ஸ்க்ரூட்ரைவரைக் கீழே வைத்தான். அவள் பக்கத்தில் வந்து, அவள் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

"உக்காரு. நான் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். ஆர்லோ கித்தாருக்கு நான் அஞ்சு சொன்னேன், நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு கூடத்துல ஸ்க்ரூட்ரைவரை வச்சுப் பாத்தா லேசாத்தான் இழுக்குது. ரெண்டு. சரி, ஒண்ணுதானே, யாருக்கும் வரும்னு விட்டேன். வீட்டுக்கு வந்து பெட்டியெல்லாம் பிரிச்சா அத்தனையும் மாறிக் கிடக்கு, வில். நான் ஒண்ணு சொல்றேன், நீ ஒண்ணு போடற. ஒவ்வொரு தடவையும்."

வில்மா திறந்து கிடந்த பெட்டிகளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் பயப்படாத" என்றான் கெரிட். "நீ வெளிய போனதும் நான் சரி பண்ணி வச்சிடறேன், யாருக்கும் தெரியாது. கோராவுக்கு மட்டும் சொன்னேன். டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன். சமையல் கத்துக்கறேன், சூப்பு எனக்கு ஏற்கனவே தெரியும். உங்கம்மாவை விட்ட மாதிரி உன்னை எங்கயும் விட மாட்டேன். நீ என்னை யாருன்னு கேட்டாலும் விட மாட்டேன். உன் மாமன்னு சொல்லிக்கறேன், தபால்காரன்னு சொல்லிக்கறேன், என்ன வேணா சொல்லிக்கறேன்."

சொல்லி முடிக்கும்போது அவன் அழுதுகொண்டிருந்தான். அந்த இரண்டு குளிர்காலங்களிலும் அழாதவன்.

வில்மாவுக்கு முதலில் வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, நிம்மதிதான். தலை சரியாக இருக்கிறது. அடுப்பை அணைத்தது நினைவில் இருந்தது நிஜம்தான். அடுத்த நொடியில் அவளுக்கு நிலைமை புரிந்தது. ஆமாம் கெரிட், மறந்துதான் போகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் காது அவனிடமே இருக்கும். அவளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் சேர்ந்துகொள்ளும், சோபா பக்கமே போகமாட்டான். அவள் அப்பப்போ எதையாவது மறந்த மாதிரி இருந்தால் ஆயிற்று. அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

ஆனால் அவன் முகத்தைப் பார்த்தாள். கொஞ்ச நாளாக அந்த முகம் இளைத்திருந்தது, அவள் கவனிக்கவில்லை. இத்தனை நாளும் இந்த மனிதன் பகலில் அவளுக்கு மாத்திரை நினைவூட்டிவிட்டு, இரவில் தன் பெண்டாட்டி தன்னை யாரென்று கேட்கப்போகும் நாளை நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறான். தான் பட்ட அதே பயத்தை, அதே கட்டிலின் அந்தப் பக்கத்தில்.

"நான் மறக்கல, கெரிட்" என்றாள். "வேணும்னேதான் ரெண்டு போட்டேன்."

"என்ன?"

"வேணும்னே. நீ அஞ்சு சொல்லுவ, நான் ரெண்டு போடுவேன். நீ சொன்னதெல்லாம் காதைக் குத்துதுன்னு திரும்பி வந்துச்சு. நீ தூங்கினப்புறம் நானே கேட்டுப் பாத்து மாத்தினேன்." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "உனக்குக் காது போகுதுப்பா. மேல் சுரம் எதுவுமே உனக்கு விழல. கெட்டில் கத்தறது கூடக் கேக்கல. எனக்குச் சொல்ல மனசு வரல."

கெரிட் அவள் கையை விட்டான். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். வில்மா எதற்கும் தயாராக நின்றாள். கத்துவான் என்று நினைத்தாள். கத்தாமல் எழுந்து மேலே போய்விடுவானோ, அதுதான் அவளுக்குப் பயம்.

அவன் நிமிர்ந்து, சந்தேகத்தோடு கேட்டான்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டோம்?"

"உருளைக்கிழங்கும் தொத்திறைச்சியும். ருசி பாக்காமயே உப்பைக் கொட்டின."

"போன வாரம் பாஸ்டர்?"

"யோனாவும் மீனும். நீ தூங்கிட்ட. நான் இடிச்சு எழுப்பினேன்."

"ஒண்ணொண்ணுலயும் என்ன நம்பர் போட்டன்னு சொல்லு."

வில்மா மேசையில் கிடந்த பிக்கப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொன்னாள். ரெண்டு. ரெண்டு. இதில் மட்டும் நீ சொன்ன அஞ்சு, இது நல்லா இருந்துச்சு. இதில் ரெண்டு, இதன் மூடியிலும் ஈயம் வழிஞ்சுது. அவன் தான் மாற்றியது எது, மாற்றாமல் விட்டது எது என்று நினைத்துப் பார்த்துச் சரிபார்த்தான். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அப்ப உனக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்கு ஒண்ணும் இல்ல. உன்னாலதான் பைத்தியம் பிடிக்க இருந்துச்சு. அடுப்பைத் தொட்டுப் பாக்க அரை வழியிலேர்ந்து ஓடி வந்திருக்கேன், தெரியுமா? அங்க எனக்காகக் கேரட்டெல்லாம் நறுக்காம காத்திருக்கு."

கெரிட்டின் தோள்கள் குலுங்கின. மறுபடி அழுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். கிட்டே போனபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அவளை இடுப்போடு சேர்த்து இழுத்து, அவள் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். கோட்டில் இருந்த பனி உருகி அவன் தலையில் சொட்டியது.

"இனிமே யாரு கேக்கறது?" என்றான் கோட்டுக்குள்ளிருந்து.

"இத்தனை நாளா யாரு கேட்டா? நீ வாசி. நான் கேக்கறேன். எனக்கு வாசிக்க வரல, ஏதோ பூனை நடந்த மாதிரி இருக்கு."

அவன் எழுந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவளைத் தாண்டி, வேகமாகப் படியேறினான். சோபாவுக்குத்தான் போகிறான் என்று வில்மா நினைத்தாள். பின்னாலேயே ஏறினாள். பாதிப் படியிலேயே அவன் குரல் கேட்டது. தொலைபேசியில், தெருமுனைவரை கேட்கும்படி கத்திக்கொண்டிருந்தான்.

"கோரா, அப்பா பேசறேன். அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. ஆமா, நிச்சயமா. மூளை கத்தி மாதிரி இருக்கு, என்னையே இத்தனை நாள் ஏமாத்தியிருக்கா. இல்லம்மா, எனக்குத்தான். கொஞ்சம் உரக்கப் பேசு. காது. என் காதுதான் போயிடுச்சு." அவன் குரல் உடைந்து, மறுபடி சிரிப்பில் ஏறியது. "அழாத கண்ணு, வெறும் காதுதான்."